சம்மன் வந்துவிட்டதா? கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

வண்டிக்குப் போக்குவரத்துச் சம்மன் (அபராதத் தாள்) வந்தால், பேராக் மாநிலத்தில் நம் சுங்கை சிப்புட் பக்கம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பயந்துபோய் அன்றைக்கே கட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, ரோட்டெக்ஸ் (சாலை வரி) முடியும்போது எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் (ரிங்கிட்) குடும்பம் நடத்துகிறவருக்கு 300 வெள்ளி அபராதம் என்பது மாத வருமானத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். செய்த தப்புக்குக் கட்டுவது சரி. செய்யாததற்கு ஏன் கட்ட வேண்டும்?

கீழே உங்கள் பிரச்சினை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். எதிர்த்துப் பேச நினைக்கிற பலர் அங்கேதான் நாளைக் கோட்டைவிடுகிறார்கள்.

எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது

தாளை எடுத்து மேலே பாருங்கள். கொடுத்தது யார்? போலீஸா, ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையா, நகராண்மைக் கழகமா? மூன்றும் வேறு வேறு வாசல்கள். போலீஸ் சம்மனை ‘மைபாயார் பிடிஆர்எம்’ செயலியில் பார்க்கலாம், ஜேபிஜே சம்மனை ‘மைஜேபிஜே’ செயலியில் பார்க்கலாம். நம் ஊரில் வாகனம் நிறுத்தியதற்கு வரும் தாள் கோலகங்சார் நகராண்மைக் கழகத்துடையது. ஜேபிஜே தாளைத் தூக்கிக்கொண்டு போலீஸ் கவுன்டரில் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலிதான் போகும்.

அடுத்து, எந்த வகைத் தாள்? போலீஸ்காரர் சாலையில் நிறுத்தி, லைசன்ஸ் பார்த்துக் கையில் எழுதிக் கொடுத்தது ‘போல் 257’. அது ஓட்டியவர் பெயரில் இருக்கும். தபாலில் வருவது ‘போல் 170ஏ’. ‘சமான் ஏக்கோர்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இது வாகனம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு வரும். ஓட்டியது யார் என்று போலீசுக்குத் தெரியாததால் உரிமையாளரைக் கேட்கும் அறிவிப்பு இது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

மூன்றாவது, தேதி. 2026 ஜனவரி 1 முதல் போலீசும் ஜேபிஜேயும் ஒரே கணக்குக்கு வந்துவிட்டன. முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதி. 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை 33 விழுக்காடு கழிவு. 31 முதல் 60 நாள் வரை முழுத் தொகை. அதற்கு மேல் போனால் நீதிமன்றம். 300 வெள்ளி சம்மன் என்றால் முதலில் 150, பிறகு 201, பிறகு 300. சமரசத்தில் முடிக்க முடியாத குற்றங்களுக்கு இந்தக் கழிவு கிடையாது.

இதில் ஒரு நெருக்கடி இருப்பதை மறைக்க விரும்பவில்லை. எதிர்த்துப் பேச நாள் எடுத்தால் பாதிக் கழிவு கைநழுவும். மனு கொடுத்துவிட்டோம், இனி நாள் ஓடாது என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அதனால்தான் முதல் வாரத்திலேயே முடிவெடுங்கள் என்கிறேன். சம்மன் நியாயமானது என்று உங்கள் மனதுக்கே தெரிந்தால் 15 நாளுக்குள் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. நியாயமில்லை என்று தெரிந்தால் அதே முதல் வாரத்தில் எழுத்தில் சொல்லுங்கள்.

பணம் கட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சம்மன் தொகை என்பது, ‘இதைக் கட்டினால் நீதிமன்றத்துக்குப் போகாமல் முடித்துக்கொள்கிறோம்’ என்று அரசு தரப்பு முன்வைக்கும் தொகை. கட்டியதும் விவகாரம் முடிந்தது. ‘முதலில் கட்டிவிடுவோம், அப்புறம் பேசிக்கொள்வோம்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. கெஜாரா புள்ளியும் (லைசன்ஸில் ஏறும் குற்றப் புள்ளி) சேரும். சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளி. லோரி, பஸ், வேன் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு 150 வெள்ளியைவிட அந்தப் புள்ளிதான் பெரிய செலவு.

“அந்தத் தேதியில் நான் அந்த ஊருக்கே போகவில்லை”

இப்படி வந்தால் பயப்பட வேண்டாம். இது நிரூபிக்கக்கூடிய விஷயம். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: எண்ணைத் தப்பாகப் படித்திருப்பார்கள், அல்லது உங்கள் எண் பட்டையை வேறு யாரோ போலியாகப் போட்டு ஓடுகிறார்கள்.

முதல் வேலை, படத்தைப் பார்ப்பது. சம்மனோடு படம் வராவிட்டால், கொடுத்த பிரிவின் கவுன்டரில் கேளுங்கள். “எஞ்சே, சாயா நாக் தெங்கோக் கம்பார் கெசாலாஹான் இனி” (ஐயா, இந்தக் குற்றத்தின் படத்தைப் பார்க்க வேண்டும்) என்று பணிவாகச் சொன்னால் போதும். படத்தில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வண்டியின் மாடல், நிறம், ரிம், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படம், பம்பரில் அடிபட்ட தழும்பு, மோட்டார் என்றால் முன்கூடை, பின்பெட்டி எல்லாவற்றையும் பாருங்கள். உங்கள் வண்டியை அதே கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைத் தப்பாகப் படித்திருந்தால் படமும் கிரானின் (வண்டிப் பதிவுப் பத்திரம்) நகலும் ஒரு கடிதமும் போதும். போலி எண் என்று தெரிந்தால் உடனே போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். எந்த நிலையத்திலும் செய்யலாம். இது இந்த ஒரு சம்மனுக்காக மட்டும் செய்வதல்ல. நாளை அதே எண்ணில் ஒரு திருட்டோ விபத்தோ நடந்தால் அன்றைக்கு உங்களைக் காப்பாற்றப்போவது இந்த ரிப்போர்ட்தான்.

அப்புறம், அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ஆதாரம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கூட்டும் இடம்) பெயர் பதிவாகும், செக்ரோலில் (வருகைப் பதிவேடு) அன்றைய வேலை ஏறும். கிராணியை (தோட்ட எழுத்தர்) கேட்டு அந்த நாளின் பக்கத்தை நகலெடுத்து, தோட்ட முத்திரை வைத்து வாங்குங்கள். எல்பில், டோவன்பி போன்ற தோட்டப் பக்கம் காலை ஆறரைக்கு வேலைக்கு நின்றவர் அதே நேரத்தில் ஜோகூரில் வண்டி ஓட்டியிருக்க முடியாது. தொழிற்சாலை வேலையென்றால் பஞ்ச் கார்டு. கிளினிக் போயிருந்தால் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு). வண்டி பட்டறையில் கிடந்திருந்தால் பட்டறைக்காரரின் பில். ஆனால் ஒன்று: செக்ரோல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்றுதான் சொல்லும், வண்டி எங்கே இருந்தது என்று சொல்லாது. இரண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் வலு.

“காடி என் பெயரில், ஓட்டியது வேறு ஆள்”

170ஏ வகைத் தாளுக்கு இது முக்கியம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, ஓட்டியவர் யார் என்ற விவரத்தைக் கேட்டால் உரிமையாளர் 7 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதே தனிக் குற்றம். அதோடு, வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை உரிமையாளரே ஓட்டினார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். சும்மா இருந்தால் சட்டம் உங்களைத்தான் கையில் பிடிக்கும்.

செய்ய வேண்டியது எளிது. ஓட்டியவரின் முழுப் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, லைசன்ஸ் நகல். முடிந்தால் “அன்றைக்கு நான்தான் ஓட்டினேன்” என்று அவர் கையெழுத்திட்ட ஒரு வரி. கொடுத்துவிட்டு நகலில் முத்திரை வாங்குங்கள்.

இந்த இடத்தில் மனசாட்சியோடு ஒரு வார்த்தை. புள்ளி சேர்ந்துவிடும் என்று பயந்து, ஓட்டாத தம்பியின் பெயரையோ வீட்டில் சும்மா இருக்கும் பெரியவரின் லைசன்ஸையோ கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய்த் தகவல். அதுவே ஒரு குற்றம், அபராதத்தைவிடக் கனமானது. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

“மோட்டாரை விற்று எவ்வளவோ நாளாச்சு, சம்மன் மட்டும் எனக்கு வருது”

தோட்டப் பக்கத்து ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பழைய கப்சாய் மோட்டார் (சிறிய மோட்டார் சைக்கிள்) ஒன்று. பக்கத்து லயத்து ஆளுக்கோ, ஒப்பந்தத்துக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கோ ஐந்நூறு, அறுநூறு வெள்ளிக்குக் கொடுத்திருப்பார்கள். பெயர் மாற்றம் நடந்திருக்காது. கிரானும் வாங்கியவர் கையில் போயிருக்கும். அவர் இன்னொருவருக்கு விற்றிருப்பார், அல்லது வேலை முடிந்து ஊர் திரும்பியிருப்பார். இத்தனை கை மாறியும் ஜேபிஜே பதிவில் இருப்பது நீங்கள்தான். விற்ற நாளிலிருந்து அந்த வண்டி செய்த எல்லாமே உங்கள் வாசலுக்கு வரும்.

வாங்கியவர் இன்னும் கண்ணெதிரே இருக்கிறார் என்றால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். விற்ற பிறகு வந்த சம்மன்களுக்கு ஓட்டியவர் விவரத்தில் அவர் பெயரைக் கொடுங்கள். ஆதாரமாக விற்பனைத் தாள் இருந்தால் நல்லது. நம் ஆட்களிடம் அது இருப்பதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் வாட்ஸ்அப் செய்தி இருக்கும்: ‘அண்ணே, மீதி இருநூறு வெள்ளி சம்பளத்துக்கு அப்புறம் தரேன்’ என்று தேதியோடு வந்த ஒரு வரிகூடப் பயன்படும். வங்கியில் பணம் போட்ட சீட்டு இருக்கலாம். விற்கும்போது பார்த்த ஆள் யாராவது இருந்தால் அவரிடம் எழுதி வாங்கலாம். இதற்கடுத்து, இருவரும் சேர்ந்து போய்ப் பெயரை மாற்றிவிடுங்கள். நிலுவையில் உள்ள சம்மன் கருப்புப் பட்டியலுக்குப் போயிருந்தால் பெயர் மாற்றம் தடைபடும். அதனால் எந்தச் சம்மனை யார் தீர்ப்பது என்று முதலில் பேசி முடியுங்கள். விற்பதற்கு முந்தியது உங்களுடையது, பிந்தியது அவருடையது. இதுதான் நியாயமான பங்கீடு.

ஆள் காணோம் என்றால் போலீஸ் ரிப்போர்ட். எப்போது, யாருக்கு, எவ்வளவுக்கு விற்றீர்கள், வண்டி இப்போது உங்களிடம் இல்லை, ஆளைத் தேடியும் கிடைக்கவில்லை என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். திருட்டுப்போனது என்று சொல்லாதீர்கள். விற்ற வண்டியைத் திருட்டு என்று எழுதினால் நாளைக்கு அதை ஓட்டிக்கொண்டு போகும் அப்பாவி ஒருவர் பிடிபடுவார், நீங்களும் பொய்ப் புகாரில் மாட்டுவீர்கள். ரிப்போர்ட் நகலோடு ஜேபிஜே கவுன்டருக்குப் போய் உங்கள் பதிவு விஷயத்தை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பழைய இரும்புக்குப் போட்ட வண்டி என்றால் பதிவை ரத்து செய்ய வேண்டும். கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்பா இறந்துவிட்டார், வண்டி இன்னும் அவர் பெயரில், மகன் ஓட்டுகிறார் என்ற வீடுகளும் உண்டு. இறப்புச் சான்றிதழோடு அமானா ராயா என்ற அறங்காவல் நிறுவனத்திலோ நில அலுவலகத்திலோ வாரிசு உத்தரவு வாங்கித்தான் பெயரை மாற்ற முடியும். அதுவரை வரும் சம்மனை மகனே ஏற்றுத் தீர்ப்பதுதான் மரியாதை.

“நான் அவ்வளவு வேகமாகப் போகவே இல்லை”

நெடுஞ்சாலையில் 110, கூட்டரசு சாலையிலும் மாநிலச் சாலையிலும் 90 என்பது பொது வரம்பு. பட்டணத்துக்குள் வந்தால் 60 அல்லது 50. பண்டிகைக் காலத்தில் கூட்டரசு சாலைகளில் 80-ஆகக் குறைப்பதும் வழக்கம். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் முதலாம் கூட்டரசு சாலை நம் பட்டணத்தின் ஊடே ஓடுகிறது. ‘இது 90 ரோடுதானே’ என்று அதே வேகத்தில் பட்டணத்துக்குள் வருகிறவர்கள் பலகையில் எண் குறைவதைக் கவனிப்பதில்லை. அப்படிப் பிடிபட்டவருக்கு எதிர்ப்பு மனு உதவாது.

உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டியவை: எந்த இடம், எந்தத் திசை, எந்த வரம்பு, பதிவான வேகம் எவ்வளவு, படத்தில் இன்னொரு வண்டியும் இருக்கிறதா. இரண்டு வண்டிகள் அருகருகே இருந்தால் பதிவான வேகம் எதனுடையது என்பது நியாயமான கேள்வி. வேகத்தைப் பதிவு செய்த கருவியின் சரிபார்ப்புச் சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லுபடியானதா என்பது நீதிமன்றத்தில் கேட்கக்கூடியது. கவுன்டரில் அதைக் கேட்டு வாக்குவாதம் செய்ய வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் அந்தச் சான்றிதழ் இருக்காது.

வேகப் பலகையைச் செடிகொடியோ மரக்கிளையோ மறைத்திருந்தால், சம்மன் வந்த உடனே போய், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலிருந்து படம் எடுங்கள். அடுத்த மாதம் போனால் கிளையை வெட்டியிருப்பார்கள்.

“சிவப்பு விளக்கில் போனது உண்மை, ஆனால் காரணம் இருந்தது”

பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ்காரரே கை காட்டி அனுப்பினார், சிக்னல் பழுதாகி மாறாமல் நின்றது. இப்படி ஏதாவது இருந்தால் அதற்குச் சாட்சி வேண்டும். காடியில் டேஷ்கேம் இருந்தால் அன்று இரவே அந்தப் பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். அது பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும், சில நாளில் அழிந்துவிடும். வெட்டி ஒட்டாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள். மெமரி கார்டை அப்படியே கழற்றி வைப்பது இன்னும் நல்லது. உடன் வந்தவர் சாட்சி சொல்லத் தயாரா என்றும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன் என்பது குற்றத்தை இல்லாமல் ஆக்காது. ஆனால் தொகையைக் குறைக்கக் கேட்பதற்கு நல்ல காரணம். அவசரப் பிரிவின் சீட்டில் நேரம் இருக்கும், அதை இணையுங்கள்.

“ரோட்டில் நிறுத்தி எழுதிட்டாங்க”

போல் 257. அந்த இடத்திலேயே வாதாட வேண்டாம், வெயிலில் யாருக்கும் பொறுமை இருக்காது. “பாயேக் துவான்” (சரி ஐயா) என்று தாளை வாங்கிக்கொண்டு, எழுதிய விவரங்கள் சரியா என்று மட்டும் அங்கேயே பாருங்கள். எண், இடம், நேரம், குற்றப் பிரிவு. பிறகு ஓரமாக நிறுத்தி, மறப்பதற்கு முன்னால் உங்கள் பக்கத்தைக் கைப்பேசியில் எழுதிக்கொள்ளுங்கள்.

தாளில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால் சம்மன் செல்லாது என்று காப்பிக் கடையில் சொல்வார்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் திருத்திவிட்டு மேலே போவார்கள். வேறு வண்டி, வேறு நாள், வேறு இடம் என்று ஆளையே குழப்புகிற தப்பாக இருந்தால்தான் அது உங்களுக்கு உதவும்.

‘இங்கேயே முடிச்சுக்கலாமா’ என்ற பேச்சு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இறங்காதீர்கள். 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் குற்றவாளிதான். 150 வெள்ளிச் சம்மனுக்காக ஊழல் வழக்கில் நிற்கிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

எதிர்ப்புக் கடிதத்தில் என்ன எழுதுவது

மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தாள் எந்த மாவட்டத்தில் எழுதப்பட்டதோ அந்த மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் போக்குவரத்துப் பிரிவுத் தலைவருக்கு. தைப்பிங்கில் பிடித்ததைச் சுங்கை சிப்புட்டில் பேச முடியாது. தலைப்பு: “ராயுவான் பெம்பத்தாலான் சமான்” (சம்மனை ரத்து செய்யக் கோரும் மனு). தொகையை மட்டும் குறைக்கக் கேட்கிறீர்கள் என்றால் “ராயுவான் பெங்குராஙான் கொம்பாவுன்” (தொகையைக் குறைக்கக் கோரும் மனு). இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பாதீர்கள். ‘நான் செய்யவில்லை, ஆனால் குறைத்துக் கொடுங்கள்’ என்றால் படிக்கிறவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்.

சம்மன் எண், வண்டி எண், தேதி, இடம். நடந்தது நாலு வரியில். இணைப்புகளின் பட்டியல். உங்கள் கைப்பேசி எண். அவ்வளவுதான். ஏழ்மையைப் பற்றியும் குடும்பக் கஷ்டத்தைப் பற்றியும் குறைப்புக் கடிதத்தில் எழுதலாம், ரத்துக் கடிதத்துக்கு அது தேவையில்லை. அசலைக் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டு போய் “தோலோங் சோப் சாலினான் இனி” (இந்த நகலில் முத்திரை போடுங்கள்) என்று உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

மலாயில் எழுத வராத பெரியவர்கள் வெட்கப்பட வேண்டாம். லயத்தில் ஆறாம் படிவம் படிக்கிற பிள்ளை ஒன்று இல்லாமல் போகாது. பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறதா என்று படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

“சம்மன் வந்ததே தெரியாது, இப்போ ரோட்டெக்ஸ் போட முடியலே”

தபால் தோட்ட ஆபீசுக்கு வந்து மூலையில் கிடந்திருக்கும். அல்லது நீங்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) மாறியும் பதிவில் பழைய தோட்ட முகவரியே இருக்கும். அடையாள அட்டை முகவரியையும் ஜேபிஜே பதிவு முகவரியையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறிவிடும் என்று இருக்காதீர்கள்.

கருப்புப் பட்டியலில் போட்டது போலீஸ் சம்மனுக்கா, ஜேபிஜே சம்மனுக்கா என்று இரண்டு செயலியிலும் பாருங்கள். நீதிமன்றத்துக்குப் போய்விட்டதா என்பதையும் கேளுங்கள். போகவில்லை என்றால், அறிவிப்பு கிடைக்கவில்லை என்ற காரணத்தை முகவரி ஆதாரத்தோடு எழுதிக் கேட்கலாம். 2023 பிப்ரவரியிலிருந்து ரோட்டெக்ஸ் கைப்பேசிக்குள் வந்துவிட்டதால், கண்ணாடியில் ஒட்டிய தாளைப் பார்த்துத் தேதியை நினைவு வைத்த காலம் போய்விட்டது. மாதம் ஒருமுறை செயலியைத் திறந்து பார்க்கிற பழக்கம் இருந்தால் இந்தச் சிக்கலே வராது. கைப்பேசி பழக்கமில்லாத அம்மா, அப்பா பெயரில் வண்டி இருந்தால் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள்.

“கோர்ட்டுக்கு வரச் சொல்லித் தாள் வந்திருக்கு”

இது வந்தபின் ஒரே ஒரு விதி: அந்த நாளில் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் பிடியாணை வரும். சம்மனாக இருந்தது கைதாக மாறுவது அங்கேதான்.

எந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றம் என்பது தாளில் இருக்கும். குற்றம் நடந்த இடத்தைப் பொறுத்தது அது. குளுவாங்கில் பிடித்திருந்தால் அங்கேதான் போக வேண்டும். போக்குவரத்துச் செலவு, இழக்கும் கூலி, மறுபடி மறுபடி போக வேண்டிய நிலை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கோபத்தில் எடுக்காதீர்கள். சிவப்பு விளக்கு, வேகம் இரண்டுக்கும் நீதிமன்றத்தில் 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். தோற்றால் சம்மன் தொகையைவிட அதிகம் கட்ட நேரிடும். ஆதாரம் கையில் இருக்கிறவர் போராடலாம், போராடவும் வேண்டும். ‘என் வார்த்தையை நம்புங்கள்’ என்பது மட்டுமே கையில் இருந்தால் நன்றாக யோசியுங்கள்.

அன்றைக்குக் காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். காலர் வைத்த சட்டை, காற்சட்டை, சப்பாத்து. அடையாள அட்டை. பெயர் கூப்பிடும்போது வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். குற்றச்சாட்டை மலாயில் படிப்பார்கள். புரியவில்லை என்றால் தலையாட்ட வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. “சாயா மிந்தா ஜூருபஹாசா தமில்” என்று சொல்லுங்கள். பயத்தில் “யா, யா” என்று சொல்லி, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகி வெளியே வந்து கலங்கி நிற்கிறவர்களைப் பார்க்கையில் மனம் வேகிறது. அந்தத் தலையாட்டல் ஒன்றுக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒப்புக்கொள்ள விருப்பமில்லை என்றால் “சாயா மிந்தா பிச்சாரா” என்று சொல்லுங்கள். விசாரணை வேண்டும் என்று அர்த்தம். அன்றைக்கே விசாரணை நடக்காது, வேறு தேதி கொடுப்பார்கள். ஜாமீன் கேட்டால் கட்ட யாராவது கூட இருப்பது நல்லது.

விசாரணைக்கு முன், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவுப்படி அரசு தரப்பு பயன்படுத்தப்போகும் ஆவணங்களை உங்களுக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். படம், வேகப் பதிவு, ரிப்போர்ட் எல்லாம் அதில் வரும். அதைப் பார்த்த பிறகும் உங்கள் பக்கம் வலுவாக இருந்தால், வழக்கை மீட்டுக்கொள்ளும்படி அரசு தரப்புக்கு ‘ரெப்ரெசெந்தாசி’ என்ற மனு அனுப்பலாம். வழக்கைத் தொடரவும் நிறுத்தவும் சட்டத்துறைத் தலைவருக்கு அரசியலமைப்பின் 145(3) பிரிவு அதிகாரம் தருகிறது. அவர் சார்பில் வழக்கு நடத்துகிறவர்களுக்கு அந்த மனு போகும். உங்கள் ஆதாரம் தெளிவாக இருந்தால் இது விசாரணையைவிடச் சுருக்கமான வழி.

விசாரணையில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசு தரப்பு. சம்மன் எழுதிய அதிகாரியிடம் நீங்கள் கேள்வி கேட்கலாம். கேள்வியாகக் கேளுங்கள், பிரசங்கமாக வேண்டாம். “நீங்கள் நின்ற இடத்திலிருந்து சிக்னல் தெரியுமா?” என்ற ஒரு கேள்வி, அரை மணி நேரப் பேச்சைவிட மேலானது.

லோரி ஓட்டுநர்களுக்கு

பழம் ஏற்றும் லோரியில் அதிக பாரம், பழுதான பிரேக், முடிந்த ரோட்டெக்ஸ் என்று வரும் சம்மனில் உங்கள் பங்கு எது, முதலாளியின் பங்கு எது என்று பிரித்துப் பாருங்கள். வேகமும் சிக்னலும் ஓட்டுநருடையது. வண்டியின் நிலையும் பாரமும் உரிமையாளர் தலையிலும் விழக்கூடியவை. ‘உன் சம்பளத்திலே பிடிச்சுக்கிறேன்’ என்று தவுக்கே (முதலாளி) சொன்னால் சம்மன் தாளின் நகலைக் கேளுங்கள். எடை நிலையச் சீட்டையும், ‘இன்னும் ரெண்டு டன் ஏத்து’ என்று வந்த குரல் செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.

நகராண்மைக் கழகத்தின் வாகன நிறுத்தத் தாள்

இது சின்ன விஷயம். கட்டணம் கட்டியதற்கான பதிவு செயலியில் இருந்தால் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போங்கள். பெரும்பாலும் வண்டி எண்ணை ஓர் எழுத்து மாற்றித் தட்டியிருப்போம். காட்டிக் கேட்டால் விஷயம் புரியும்.

“கட்டிவிட்டேன், இன்னும் காட்டுது”

ரசீதில் உள்ள சம்மன் எண்ணும் செயலியில் காட்டும் எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். ஒரே வண்டிக்கு இரண்டு சம்மன் இருந்து ஒன்றை மட்டும் கட்டியிருப்பது சகஜம். எண் ஒன்றேயானால் சில வேலை நாள் கழித்தும் மாறாவிட்டால் ரசீதோடு கவுன்டருக்குப் போங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

“வாட்ஸ்அப்பில் சம்மன் லிங்க் வந்திருக்கு”

தொடாதீர்கள். சம்மன் இருக்கிறதா என்பதை மைபாயாரிலும் மைஜேபிஜேயிலும் நீங்களே போய்ப் பாருங்கள். யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பை (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) இறக்கினால் வங்கிக் கணக்கு காலியாகும். ‘உங்கள் பெயரில் பிடியாணை இருக்கிறது, இப்போதே பணம் அனுப்புங்கள்’ என்று போன் வந்தால் வைத்துவிட்டு, அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் நேரில் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கிக்கும், மோசடிப் புகார் எண்ணான 997-க்கும் அழையுங்கள்.